விலா எலும்புச் சட்டை

“தலை இல்ல மேடம். கால் இல்ல. வெறும் விலா எலும்பு. வெள்ளையா ஜொலிச்சுக்கினு ரோட்டோரமா நின்னுச்சு.”

சித்தூர் பால் டிப்போ வாசலில், தன் வேனின் கதவில் சாய்ந்தபடி ரமணா இதைச் சொன்னான். பிற்பகல் மூன்று மணி. வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இருந்தும் அவன் முன்கையில் மயிர் குத்திட்டு நின்றதை அலர்மேல் கவனித்தாள்.

“நின்னுதா, போயிண்டிருந்துதா?”

“நின்னுச்சு. இடது பக்கம். கை இருக்கிற எடத்துல ஒரு வெள்ளை வளையம் மட்டும் மேல எழும்புச்சு. யாரையோ கூப்புடற மாதிரி.”

“எந்தத் தேதி?”

“தேதியெல்லாம் நெனவு இல்ல மேடம். அதுலேர்ந்து அந்த ரோட்ல போறதேயில்ல. ரூட்ட மாத்திக்கினேன்.”

அலர்மேலின் உதவியாளன் சிரஞ்சீவி வேனின் முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்தான். இடது ஹெட்லைட் கண்ணாடி பழுப்பேறி மங்கியிருந்தது. வலது கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

“இன்னா அண்ணா, வண்டிக்கு ஒத்தக் கண்ணுல மட்டும் ஆபரேசன் பண்ணிக்கிறே? அடுத்த கண்ணுக்கு எப்போ?”

ரமணா சிரிக்கவில்லை. “பழசாயிடுச்சு. மாத்தினேன்” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டான்.

அலர்மேலுக்கு நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து சர்வேயராக ரோடு ரோடாக அலைந்தவள். இப்போது திருப்பதியில், சுவாமி படக் கடை ஒன்றின் மாடியில், சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சிரஞ்சீவி. சிரஞ்சீவிக்கு முப்பது வயது. பைக்கை நன்றாக ஓட்டுவான். வாயை அதைவிட வேகமாக ஓட்டுவான்.

மூன்று நாள் முன்னால் அந்த மாடிப்படி ஏறி வந்தவள் ரூபா. பங்காருபாளையம் பக்கத்துக் கிராமம். தையல்காரி. அவள் கணவன் பிரவீன் தினமும் விடிவதற்கு முன் பைக்கில் பூ மூட்டை கட்டிக்கொண்டு போய்க் காணிப்பாக்கம் கோயில் கடைகளில் இறக்கிவிட்டுத் திரும்புகிறவன். நாற்பது நாளுக்கு முன்பு, அப்படித் திரும்பி வரும் வழியில், ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது.

“ரெண்டு வருசம் முன்னாடி ஒரு காரு பின்னாலேர்ந்து வந்து அவர இடிச்சுது மேடம்” என்றாள் ரூபா. “கால் ஒடஞ்சு நாலு மாசம் படுத்துக்கினு இருந்தாரு. அந்தக் கார்க்காரன் ‘நீ எங் கண்ணுக்கே தெரியலப்பா’ன்னு சொன்னானாம். அந்த வார்த்தை இவரு மனசுல ஒட்டிக்கிச்சு. எழுந்து நடந்ததும் மொத வேலையா ரேடியம் கடைக்குத்தான் போனாரு. ஹெல்மெட்ல, மட்கார்டுல, பூ மூட்டையில, எல்லாத்துலயும் ரேடியம் ஒட்டினாரு. ஒரு கறுப்பு ரெயின்கோட்டு குடுத்து, முன்னால ஆறு பட்டை, பின்னால ஆறு பட்டை, கையில ஒரு வளையம்னு தைக்கச் சொன்னாரு. நான்தான் தெச்சேன். ஊரே எலும்புக்கூடுன்னு சிரிச்சுது. சிரிக்கறவனுக்கு நான் தெரியறேன்ல, அது போதும்னுவாரு.”

“சரி.”

“அன்னிக்கி அவரு உடம்புல அந்தச் சட்டை இல்ல மேடம். வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்ல. ஓரமா ஸ்டாண்டு போட்டு நின்னுக்கினு இருந்துது. இவரு நடு ரோட்ல கெடந்தாரு. ஆள் இல்லாத எடத்துல வண்டிய நிறுத்திட்டு, சட்டையக் கழட்டிட்டு, இன்னா வேலைன்னு ஊர்ல கேக்கறாங்க. எவளப் பாக்க நின்னான்னு எம் மூஞ்சிக்கு நேராவே கேக்கறாங்க. இப்ப ஒரு மாசமா அவரு ஆவி அந்தச் சட்டையோட ரோட்ல அலையுதுன்னு வேற சொல்றாங்க.”

“நீங்க நம்பறேளா?”

ரூபா நிமிர்ந்து பார்த்தாள். “ஆவிக்கு நான் சட்டை தைக்கல மேடம். யாரோ போட்டுக்கினு போறாங்க. அது யாருன்னு எனக்குத் தெரியணும்.”

ஒரே ஒரு துப்பு. ஒரு சட்டை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அலர்மேல் கிளம்பியிருந்தாள். பேயைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் மூன்று பேர். ஒருவர் பெங்களூர் டாக்சி டிரைவர். இன்னொருவர் காணிப்பாக்கத்துக்கு ஜீப் ஓட்டுகிறவர். இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள். விடிகாலை ஐந்தேகால் மணி, பனி, தங்களுக்கு முன்னால் விலா எலும்புகள் காற்றில் மிதந்து போயின, ஹாரன் அடித்ததும் ஓரமாக ஒதுங்கின. மூன்றாவது ஆள் ரமணா. இந்தக் கதையை முதன்முதலில் ஊருக்குச் சொன்னவனே அவன்தான்.

“ஒதுங்கி வழி விடற பேய நான் இப்பத்தான் கேள்விப்படறேன் மேடம்” என்றான் சிரஞ்சீவி, பைக்கைக் கிளப்பியபடி. “நம்ம ஊரு ஆட்டோக்காரங்களுக்கு அது கிளாஸ் எடுக்கலாம்.”

“வாயை மூடிண்டு ரோட்டைப் பாரு.”

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு அவர்கள் காணிப்பாக்கம் சாலையில், பாலையாவின் டீக்கடையில் நின்றிருந்தார்கள். பிரவீன் செத்த இடம் அங்கிருந்து அரை கிலோமீட்டர். தை மாதப் பனி சாலைமேல் படுத்துக் கிடந்தது. டியூப் லைட் வெளிச்சம் கடைக்கு வெளியே பத்தடிகூடப் போகவில்லை. எங்கோ ஒரு நாய் நிறுத்தி நிறுத்திக் குரைத்தது. சிரஞ்சீவி டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“பேயா? நேனு சூடலேது, நான் பாக்கல அம்மா” என்றார் பாலையா, பாலை ஆற்றிக்கொண்டே. “நாலு மணிக்கு அடுப்பு பத்த வெச்சா எட்டு மணி வரைக்கும் இங்கயேதான் நிக்கறேன். கார்ல வரவன், ஜீப்புல வரவன், எல்லாம் பாத்தேன்றான். நடந்து போறவன் ஒருத்தன்கூடச் சொல்லல.”

அலர்மேல் கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள்.

“இன்னொரு வாட்டி சொல்லுங்கோ.”

“நடந்து போறவன் யாரும் பாக்கலம்மா.”

“கார்க்காரங்க மேல மட்டும் ஆசை போல” என்றான் சிரஞ்சீவி. “வசதியான பேய்.”

அலர்மேல் எழுந்தாள். கடையை ஒட்டி ஒரு லாரி நின்றது. அதன் பின்பலகையில் ரேடியம் பட்டை ஒட்டியிருந்தது. செல்போன் டார்ச்சைத் தன் நெற்றியை ஒட்டிப் பிடித்து அதன்மேல் அடித்தாள்.

“எனக்குக் கண்ணு கூசறது. அங்கே பக்கவாட்டில நிக்கறயே, உனக்கு என்ன தெரியறது?”

“சும்மா பட்டை மேடம். மங்கலா, அழுக்கா.”

“இந்தா, நீ பிடி. கண்ணுக்குப் பக்கத்துல வெச்சுக்கோ.”

சிரஞ்சீவி டார்ச்சை வாங்கி நெற்றியில் வைத்தான். “அய்யோ!” என்றான். பட்டை பற்றி எரிவதுபோல் அவனைப் பார்த்து ஜொலித்தது. இப்போது அலர்மேலின் கண்ணுக்கு அது வெறும் அழுக்குப் பட்டை.

“வெளிச்சம் எங்கேர்ந்து வரதோ அங்கேயே திருப்பி அனுப்பிடும். ஹெட்லைட்டுக்குப் பின்னால உட்கார்ந்திருக்கிறவனுக்கு மட்டும்தான் அது எலும்பு. ஓரமா நிக்கறவனுக்கு ஒரு பழைய ரெயின்கோட்டு.” அவள் கடைப்பக்கம் திரும்பினாள். “பாலையா, பேயை விடுங்கோ. இந்த நேரத்துக்குத் தினம் இந்த வழியா யார் யார் போறா?”

பாலையா விரல் விட்டு எண்ணினார். “பேப்பர்காரன். ரெண்டு பூக்காரங்க. அப்புறம் டிபன் கடைக்கு வேலைக்குப் போற பொண்ணு யசோதா. மொபெட்ல போகும். தலையில கறுப்பு சால்வை சுத்திக்கினு, ரெயின்கோட்டு போட்டுக்கினு...”

அவரே நிறுத்திக்கொண்டார். பனிக்காலம். மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

“இப்ப வர நேரம்தான்” என்றார் மெதுவாக.

ஐந்தேகாலுக்கு ஒரு மொபெட் கடையைத் தாண்டிப் போனது. கறுத்த உருவம், முன்னால் மட்டும் மங்கலான விளக்கு. தாண்டியதும் சாலையில் எதுவுமே இல்லை. பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை. சத்தம் மட்டும் பனிக்குள் போய்க்கொண்டிருந்தது.

“எடு வண்டியை” என்றாள் அலர்மேல்.

சிரஞ்சீவியின் ஹெட்லைட் பனியைக் கிழித்துக்கொண்டு முன்னேறியது. முதலில் வெறும் இருட்டு. பிறகு, எழுபதடி தூரத்தில், ஆறு வெள்ளை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திடீரென்று எரிந்தன. தலை இல்லை. வண்டி இல்லை. சாலைக்கு மூன்றடி மேலே அவை மட்டும் மிதந்து போயின. அது ரெயின்கோட்டு என்று தெரிந்திருந்தும் சிரஞ்சீவியின் கை ஆக்சிலேட்டரில் தளர்ந்தது.

“மேடம், தெரிஞ்சாலும் பயமாத்தான் இருக்குது.”

“எனக்கும்தான். போ.”

அவர்கள் பக்கத்தில் போனதும் எலும்புகள் ஓரமாக ஒதுங்கின. பைக் தாண்டிப் போய்க் குறுக்கே நிற்கவில்லை. அலர்மேல் பக்கவாட்டிலிருந்தே கையைக் காட்டினாள். மொபெட் நின்றது. அந்தப் பெண் ஓடவில்லை. ஸ்டாண்டு போட்டாள். சால்வையை இறக்கினாள். இருபத்திரண்டு வயதிருக்கும். தூக்கம் பார்த்து நாளாகிவிட்ட கண்கள்.

“வந்துட்டீங்களா” என்றாள். “யாராவது வருவாங்கன்னுதான் தினம் போட்டுக்கினு வரேன்.”

அலர்மேல் அவளைச் சாலையிலிருந்து தள்ளி ஒரு கல்லில் உட்கார வைத்தாள். யசோதா கேட்பதற்குக் காத்திருக்கவில்லை.

“எம் வண்டியில பின்லைட்டு வயரு அறுந்து போயிருந்துது. அன்னிக்கி அந்த அண்ணா எதிர்ல வந்தாரு. தாண்டிப் போனவரு ஹாரன் அடிச்சு நிறுத்தினாரு. எனக்கு பயமா போச்சு. வண்டிய அந்தப் பக்கமே ஸ்டாண்டு போட்டுட்டு நடந்து வந்தாரு. ‘தாண்டினதும் கண்ணாடில பாத்தேன், ரோட்ல நீயே இல்லம்மா, பின்னால வரவனுக்கு எப்பிடித் தெரிவ?’ன்னாரு. சட்டையக் கழட்டிக் குடுத்தாரு. ‘எம் வண்டியில முன்னாலயும் எரியுது, பின்னாலயும் எரியுது, நீ போட்டுக்கோ’ன்னாரு. நான் போட்டுக்கினேன். அவரு ரோடத் தாண்டித் திரும்பிப் போனாரு.”

அவள் நிறுத்தினாள்.

“போயிருப்பாரு மேடம். நான்தான் கூப்புட்டேன். கையத் தூக்கி, ‘அண்ணா, சட்டைய எங்க குடுக்கறது?’ன்னு கேட்டேன். நடு ரோட்ல நின்னு திரும்பினாரு. ஏதோ வண்டி எம் பின்னால வந்துது. வெளிச்சம் எம் மேல விழுந்துது. என்னப் பாத்துட்டு அந்த வண்டி அந்தப் பக்கம் ஒதுங்கிச்சு. அவரு இருந்த பக்கம்.”

சிரஞ்சீவி தலையைத் திருப்பிக்கொண்டான்.

“வண்டி நின்னுதா?”

“நிக்கல. நான்தான் ஓடிப்போய்ப் பாத்தேன். உசுரு இல்ல.” யசோதா கண்ணைத் துடைத்தாள். “வீட்ல எனக்குக் கல்யாணம் பேசிக்கினு இருக்காங்க. இருட்டுல ஒரு ஆம்பள சட்டையப் போட்டுக்கினு நின்னேன்னு சொன்னா யாரு நம்புவாங்க? பத்து நாள் சட்டைய ஒளிச்சு வெச்சேன். அப்புறம் முடியல. போட்டுக்கினு போனா யாராவது அடையாளம் பாத்து நிறுத்துவாங்கன்னு நெனச்சேன். எல்லாரும் பேய்னு பயந்து ஓடறாங்க.”

“பின்லைட்டை ஏன் இன்னும் சரி பண்ணலை?” என்றாள் அலர்மேல்.

“லைட்டு போட்டா இந்தச் சட்டைய யாரு மேடம் பாப்பாங்க?” தரையைப் பார்த்தபடி சொன்னாள். “அவருக்கு வந்தது எனக்கும் வரட்டும்னு இருந்துது. இந்தச் சட்டை வர விடல. எல்லாரும் ஒதுங்கித்தான் போறாங்க.”

அலர்மேல் அவள் தோளில் கை வைத்தாள். “நீ கேட்டதுக்கு அவர் என்ன பதில் சொன்னார்?”

“ரெண்டு வார்த்த சொன்னாரு. அத அவரு வீட்டுக்காரம்மா கிட்டதான் சொல்லுவேன்.”

“சரி. இன்னும் ஒண்ணு. அதுக்கப்புறம் என்னிக்காவது அந்த இடத்துல நின்னியா? இந்தச் சட்டையோட?”

“இல்ல மேடம். ஒரு நாளும் நின்னதில்ல. அந்த எடம் வந்தா வேகமாப் போயிடுவேன்.”

சிரஞ்சீவி சட்டென்று திரும்பினான். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

“மேடம். மத்த ரெண்டு பேரும் எலும்பு போய்க்கினு இருந்துதுன்னாங்க. ரமணா மட்டும்தான் நின்னுச்சுன்னான். கையத் தூக்குச்சுன்னான்.”

“ஆமாம்” என்றாள் அலர்மேல். “அது நின்னது ஒரே ஒரு நாள்தான்.”

எட்டு மணிக்கு ரமணா டிப்போவில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். அவர்கள் இருவரும் வருவதைப் பார்த்ததும் குழாயை மூடினான். யசோதாவை வாசலிலேயே ஒரு கடையில் உட்கார வைத்திருந்தாள் அலர்மேல்.

“ரமணா, அந்த உருவம் இடது பக்கம் நின்னுதுன்னேள். பார்த்ததும் நீங்க வண்டியை எந்தப் பக்கம் ஒடிச்சேள்?”

வேனின் புது ஹெட்லைட் கண்ணாடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வலது பக்கக் கண்ணாடி.

“உங்களை மிரட்ட வரலை. கேக்கத்தான் வந்தேன்.”

ரமணா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். நாற்பது நாளாக அவனுக்குள் சுற்றிக்கொண்டிருந்த கேள்வி அப்போது வெளியே வந்தது.

“மேடம், நான் ஒண்ணு கேக்கட்டா? அவன நான் பாத்தேன். நல்லாத் தெரிஞ்சான். இடது பக்கம் நின்னான். அவன் மேல படக்கூடாதுன்னுதான் வலது பக்கம் ஒடிச்சேன். ஒடிச்ச பக்கமும் அவனே இருந்தான். இந்தப் பக்கம் நின்னவன் அந்தப் பக்கம் எப்பிடி மேடம் வந்தான்? கண்ண மூடினா அதான் வருது. ராத்திரி எல்லாம் எம் பொண்டாட்டி என்னப் புடிச்சுக்கினு உக்காந்துக்கினு இருக்கா. நான் அடிக்கறதுக்கு முன்னாடியே ஆவியா வந்து நின்னானா?”

“அங்கே இருந்தது ரெண்டு பேர் ரமணா. நீங்க பார்த்தது ஒரு பொண்ணை. உயிரோட இருக்கா. அவர் தன் சட்டையை அவளுக்குக் கொடுத்துட்டார்.”

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பயம் மெல்ல வடிந்து, அதைவிடக் கனமான ஒன்று அந்த முகத்தில் வந்து உட்கார்ந்தது.

“அப்ப ஆவி இல்ல” என்றான். “நான் ஒரு மனுசன அடிச்சுட்டு நிக்காமப் போயிட்டேன். அவ்ளோதான்.”

“அவ்வளவுதான்.”

“ஸ்டேசனுக்குப் போலாமா மேடம்?”

அவனே சாவியை எடுத்து டிப்போ மேனேஜரிடம் கொடுத்துவிட்டு வந்தான். சிரஞ்சீவி அவனை ஒரு வார்த்தையும் கேலி செய்யவில்லை. கையைப் பிடித்து அழைத்து வந்து, தன் பைக்கின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனான்.

மத்தியானம் அலர்மேல் யசோதாவைக் கூட்டிக்கொண்டு ரூபாவின் வீட்டுக்குப் போனாள். ஸ்டேஷன் வேலை முடிந்து சிரஞ்சீவியும் வந்து சேர்ந்திருந்தான். ஊரைச் சுற்றி மாந்தோப்பு. மாம்பூ வாசனை தெரு முழுவதும் இருந்தது. ரூபா தையல் மிஷினிலிருந்து எழுந்தாள். யசோதாவின் கையில் மடித்து வைத்திருந்த சட்டையைப் பார்த்தாள். பிறகு யசோதாவைப் பார்த்தாள். அவள் உதடு இறுகியது.

“அப்ப ஒரு பொண்ணு இருந்துது” என்றாள்.

“இருந்தா” என்றாள் அலர்மேல். “முழுக்கக் கேளுங்கோ.”

யசோதா நின்றபடியே சொன்னாள். வயரு அறுந்ததிலிருந்து, வெளிச்சம் விழுந்தது வரை. எதையும் தனக்குச் சாதகமாக மாற்றிச் சொல்லவில்லை. “நான் கூப்புடாம இருந்திருந்தா அவரு போய்ச் சேந்திருப்பாரு அக்கா” என்றபோது மட்டும் குரல் உடைந்தது. ரூபா மிஷினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சட்டைய எங்க குடுக்கறதுன்னு கேட்டியே” என்றாள் ரூபா. “அவரு இன்னா சொன்னாரு?”

“சிரிச்சுக்கினே திரும்பினாரு. ‘எம் பொண்டாட்டி கையில’ன்னாரு. அதுக்குள்ள வண்டி வந்துடுச்சு.”

யசோதா சட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள். ரூபா வாங்கிக்கொண்டாள். தான் போட்ட தையல்மேல் விரலை ஓட்டினாள். அழுவாள் என்று அலர்மேல் நினைத்தாள். அவள் அழவில்லை.

“யசோதா, உன்ன ஒண்ணு கேக்கறேன். மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லு. நான் கோச்சுக்க மாட்டேன். இந்தத் தெருவுல அத்தினி பேரும் எவ அவன்னு எங்கிட்ட கேட்டாங்க. எங் கூட வெளிய வந்து நிக்கறியா?”

யசோதா வாசலைப் பார்த்தாள். குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எவளோ ஒருத்தி யசோதாவுக்குச் சம்பந்தம் பேசும் ஊர்க்காரியாகவும் இருக்கலாம். ஆனாலும் தலையை ஆட்டினாள்.

ரூபா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். குழாயை அவளே மூடினாள்.

“எல்லாரும் கேட்டீங்கல்ல, எவளுக்காக நின்னான்னு? இவளுக்காகத்தான் நின்னாரு. இன்னாத்துக்குன்னு இவ வாயாலயே கேளுங்க.”

பெண்கள் குடங்களை இறக்கி வைத்தார்கள். ரூபாவின் பிடி தளரவில்லை.

“எம் பேரு யசோதா” என்று அவள் ஆரம்பித்தாள். “எம் வண்டியில பின்லைட்டு எரியல.”